ஹேசல் பிரானன் ஸ்மித்: "நிறப்பிரிவினையை எதிர்த்தவர்" என்று எழுதலாமா?

#1 வேப்பம்பூ

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தெரு வாசகசாலையில் மாதம் ஒரு பத்திரிகையாளரின் படத்தைச் சுவரில் ஒட்டி, கீழே ஒரே ஒரு வரி எழுதுவது வழக்கம். இந்த மாதம் என் முறை. ஹேசல் பிரானன் ஸ்மித் படத்தை எடுத்துக்கொண்டேன். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஹோம்ஸ் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) என்ற பருத்தி விளையும் பகுதியில் வாரப் பத்திரிகை நடத்தியவர். தலையங்கத்துக்கான புலிட்சர் பரிசை வாங்கிய முதல் பெண், 1964-இல்.

"நிறப்பிரிவினையை எதிர்த்த பத்திரிகை ஆசிரியர்" என்று எழுதி அட்டையை முடித்துவிட்டேன். அப்புறம் சும்மா இருக்காமல் மேலும் படிக்கப் போய், இப்போது அந்த அட்டையை ஒட்டக் கை வரவில்லை. 1948 தேர்தலில் இவர் ஆதரித்தது டிக்சிகிராட்டுகளை. கறுப்பினத்தவருக்கு உரிமை கொடுக்கக் கூடாது என்பதற்காகவே ஜனநாயகக் கட்சியிலிருந்து பிரிந்து போனவர்கள் அவர்கள். 1954 மே மாதம் பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, தீர்ப்பு அறத்தின்படி சரியாகவே இருக்கலாம், ஆனாலும் இரண்டு இனமும் தனித்தனியாக இருப்பதே இருவருக்கும் நல்லது என்ற தோரணையில் எழுதியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒட்டியாக வேண்டும். என்ன எழுதலாம்?

#2 தூரதேசி

ஒட்டுங்கள் அக்கா. 1954-இல் தென் மாநிலத்து வெள்ளைக்காரர் யாரிடம் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். பத்து வருடம் கழித்து எங்கே போய் நின்றார் என்பதைப் பார்க்க வேண்டாமா?

#3 கூழாங்கல்

போய் நின்ற இடத்தை அப்புறம் பார்க்கலாம். கிளம்பிய இடம்தான் எனக்கு வியப்பு.

1914-இல் அலபாமாவில், காட்ஸ்டன் பக்கம் பிறந்தவர். அலபாமா பல்கலைக்கழகத்தில் இதழியல் முடித்ததும், 22 வயதில், 3,000 டாலர் கடன் வாங்கி 'டூரண்ட் நியூஸ்' என்ற நலிந்துபோன பத்திரிகையை விலைக்கு வாங்கினார். அது 1936. கல்யாணம் ஆகாத ஒரு பெண், யாரையும் தெரியாத ஊரில். 1943-இல் கவுண்டியின் தலைநகரான லெக்சிங்டனில் 'லெக்சிங்டன் அட்வர்டைசர்' பத்திரிகையையும் வாங்கிவிட்டார். 'ஹேசலின் கண்கள் வழியே' என்று பொருள்படும் பத்தி ஒன்றை எழுதிவந்தார். தொப்பியும் கன்வர்டிபிள் காருமாக ஊருக்குள் வலம் வந்தவர். புரட்சிக்காரர் என்று யாரும் அவரை நினைத்திருக்க மாட்டார்கள்.

அவருடைய முதல் சண்டை இனம் பற்றியதே அல்ல, சாராயம் பற்றியது. மிசிசிப்பியில் 1966 வரை மதுவிலக்கு. ஆனால் சாராயம் தாராளமாக ஓடியது. பார்க்காததுபோல் இருக்கும் ஷெரீஃப்களுக்கு, அதாவது கவுண்டியின் காவல் தலைவர்களுக்கு, மாமூல். (இந்தச் சொல்லுக்கு இங்கே யாருக்கும் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.) அதை அவர் வாராவாரம் எழுதிக் குடைந்தார். சட்டம் என்றால் சட்டம், அவ்வளவுதான் அவருடைய கொள்கை.

1946-இல் லியோன் மெக்காட்டி என்ற கறுப்பினத்தவரைச் சாட்டையால் அடித்தே கொன்ற வழக்கு நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் வெள்ளையர்கள். வழக்கு நடக்கும்போதே ஹேசல், செத்தவரின் மனைவியிடம் போய்ப் பேசினார். நீதிமன்ற அவமதிப்பு என்று 50 டாலர் அபராதமும் 15 நாள் சிறையும் விதித்தார்கள். சிறைத் தண்டனையை நிறுத்திவைத்தார்கள். கொலை வழக்கில் இருந்தவர்கள் விடுதலை ஆனார்கள். அந்த வழக்கில் தண்டனை என்று ஒன்றை வாங்கியவர் பத்திரிகைக்காரர்தான்.

இந்த ஹேசலும் 1948-இல் டிக்சிகிராட் பக்கம் நின்ற ஹேசலும் ஒரே ஆள்தான். அவரைப் பொறுத்தவரை முரணே இல்லை: பள்ளிக்கூடம் தனித்தனியாக இருக்கலாம், சட்டம் தனித்தனியாக இருக்கக் கூடாது.

#4 வேப்பம்பூ

அந்தக் கடைசி வரிதான் என் பிரச்சினையே, கூழாங்கல் அண்ணா. பள்ளிக்கூடம் தனியாக இருப்பதே சட்டம் தனியாக இருப்பதுதானே? அது அவருக்குத் தெரியாமலா இருந்தது?

#5 கூழாங்கல்

தெரியவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது, குறைந்தது 1954 ஜூலை வரை. அந்த மாதத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஜூலை தொடக்கம். ஷெரீஃப் ரிச்சர்ட் பெர்ட், டிச்சுலா என்ற சிற்றூருக்கு அருகே ஹென்றி ராண்டில் என்ற கறுப்பின இளைஞரை நிறுத்தி, ஓடு என்று விரட்டுகிறார். அவர் ஓடும்போது சுடுகிறார். குண்டு தொடையில் பாய்கிறது. ராண்டில் மேல் எந்தக் குற்றமும் கிடையாது. இந்தச் செய்தி ஹோம்ஸ் கவுண்டியில் ஒருவாரப் பேச்சுக்குக்கூடத் தேறாது. ஹேசல் விசாரித்து, முதல் வாரம் செய்தியாகப் போட்டார். அடுத்த வாரம் தலையங்கம். சட்டம் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்பது தலைப்பின் பொருள். ஷெரீஃபின் பெயரைச் சொல்லி, இந்தப் பதவிக்கு இவர் லாயக்கில்லை, விலகட்டும் என்று எழுதினார்.

அதே ஜூலையில்தான், அங்கிருந்து அதிக தூரமில்லாத இந்தியனோலா ஊரில் வெள்ளையர் குடிமக்கள் மன்றம் முளைத்தது. பள்ளித் தீர்ப்பை நடைமுறைக்கு வரவிடாமல் தடுக்க ஆரம்பித்த அமைப்பு. கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலைப்போல முகமூடி, வெள்ளை அங்கி எதுவும் கிடையாது. வங்கிக்காரர், வக்கீல், தோட்ட முதலாளி, கடைக்காரர் என்று ஊர்ப் பெரிய மனிதர்கள்தான் உறுப்பினர்கள். கடனைத் திருப்பிக் கேட்பது, வேலையை விட்டு நிறுத்துவது, கடையில் பற்று எழுத மறுப்பது, இவைதான் ஆயுதம்.

ஷெரீஃப் அவதூறு வழக்குப் போட்டார். ஜூரி, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு, 10,000 டாலர் கொடுக்கச் சொன்னது. மிசிசிப்பியில் 1968 வரை பெண்கள் ஜூரியில் உட்காரவே முடியாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். 1955 நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. வழக்கில் ஜெயித்தார். ஊரில்தான் தோற்றுக்கொண்டிருந்தார்.

#6 அச்சுக்கோர்ப்பவன்

இந்த இழையை ரெண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 31 வருடம் அச்சகத்தில் இருந்தவன், அதனால் காசுக் கணக்கைப் பற்றி நான் பேசலாம் என்று நினைக்கிறேன்.

சின்ன ஊர் வாரப் பத்திரிகைக்குச் சந்தா என்பது காபிக் காசு. சோறு போடுவது மூன்று: கடைக்காரர் விளம்பரம், சட்ட அறிவிப்புகள், ஜாப் ஒர்க். கல்யாணப் பத்திரிகை, ரசீதுப் புத்தகம், நோட்டீஸ் எல்லாம் ஜாப் ஒர்க்கில் வரும். இந்த மூன்றையும் கையில் வைத்திருப்பவர்கள் ஊரில் ஒரு முப்பது பேர் இருப்பார்கள். அந்த முப்பது பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து தேநீர் குடிப்பவர்கள். ஆசிரியரை அடிக்க வேண்டாம், மிரட்ட வேண்டாம். அடுத்த வாரம் ஃபாரம் கட்டும்போது (அச்சுக்குப் பக்கத்தை அடுக்கும்போது) பக்கத்தில் விளம்பரம் இருக்காது, அவ்வளவுதான்.

ஹேசல் விஷயத்தில் இதுதான் நடந்தது. முதலில் கணவர் மேல் கை வைத்தார்கள். வால்ட்டர் ஸ்மித், ஊரில் எல்லோருக்கும் ஸ்மிட்டி. கப்பலில் பர்சராக, அதாவது பணக் கணக்கைப் பார்க்கும் அதிகாரியாக, வேலை பார்த்தவர். ஹேசல் உலகச் சுற்றுப்பயணம் போனபோது கப்பலில் பழக்கமாகி, 1950-இல் கல்யாணம். கவுண்டி மருத்துவமனையின் நிர்வாகியாக இருந்தார். 1956-இல் அவரை வேலையிலிருந்து எடுத்தார்கள். காரணத்தை யாரும் எழுதித் தர வேண்டியிருக்கவில்லை.

அதுக்கும் மசியவில்லை என்றதும், 1959-இல் அதே லெக்சிங்டனில் 'ஹோம்ஸ் கவுண்டி ஹெரால்ட்' என்று போட்டிப் பத்திரிகை ஆரம்பித்தார்கள். ஹேசலிடம் மேலாளராக இருந்தவரையே கூப்பிட்டு அதற்கு ஆசிரியராக உட்கார வைத்தார்கள். இது எவ்வளவு வலிக்கும் என்பது அச்சகத்தில் இருந்தவனுக்குத்தான் தெரியும். எந்த விளம்பரதாரர் எப்போது பணம் தருவார், எந்த மெஷின் எப்போது மக்கர் பண்ணும், கடன் எங்கே இருக்கிறது, எல்லாம் தெரிந்த ஆள் எதிர்க்கடைக்குப் போகிறார்.

விளம்பரம் போச்சு. கடன் ஏறியது. வீட்டை அடமானம் வைத்தார். ஆனால் பத்திரிகை ஒரு வாரம்கூட...

(இந்த இடத்தில் "ஒரு வாரம்கூட நிற்கவில்லை" என்று எழுத வந்தேன். எனக்கு உறுதியாகத் தெரியாது. நிறுத்திக்கொள்கிறேன்.)

#7 மூணாம்பக்கம்

மன்னிக்க வேண்டும், எல்லோரும் உருகிக்கொண்டிருக்கும்போது குறுக்கே வருகிறேன்.

விளம்பரப் புறக்கணிப்பால் நொந்தவர் ஹேசல் ஒருவர்தானா? அர்கான்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் டெய்சி பேட்ஸும் அவர் கணவர் எல்.சி. பேட்ஸும் 1941-இலிருந்து 'அர்கான்சா ஸ்டேட் பிரஸ்' நடத்தினார்கள். கறுப்பினத்தவரின் பத்திரிகை. 1957-இல் ஒன்பது கறுப்பின மாணவர்கள், அதுவரை வெள்ளையர் மட்டும் படித்த சென்ட்ரல் ஹை பள்ளிக்குள் போனார்களே, அவர்களுக்குப் பின்னால் நின்றவர் டெய்சி. விளம்பரத்தை நிறுத்தி நிறுத்தியே 1959-இல் பத்திரிகையை மூட வைத்தார்கள். அதே நகரத்தில், அதே விவகாரத்துக்காக, 'அர்கான்சா கெசட்' ஆசிரியர் ஹாரி ஆஷ்மோருக்கு 1958-இல் புலிட்சர். அவர் நல்ல மனிதர்தான், தைரியசாலிதான், மறுக்கவில்லை. ஆனால் பரிசு யாருக்குப் போனது, பூட்டு யாருக்குப் போனது?

இன்னும் பின்னால் போனால் ஐடா பி. வெல்ஸ். 1892, மெம்ஃபிஸ். கடை வைத்து நேர்மையாகப் பிழைத்த மூன்று கறுப்பினத்தவரைக் கும்பல் கொன்றதை எழுதினார். அவர் வெளியூர் போயிருந்த நேரம் பார்த்து அலுவலகத்தையே அடித்து நொறுக்கினார்கள். திரும்பி வந்தால் உயிர் இருக்காது என்று சொல்லிவிட்டார்கள். ஹேசல் ஒரு ஷெரீஃபைத் திட்டி எழுதிவிட்டு இரவு தன் வீட்டில் தூங்க முடிந்தது. அந்த வீடும் தூண் வைத்த மாளிகை.

அக்கா, சுவரில் டெய்சி பேட்ஸ் படத்தை ஒட்டுங்கள்.

#8 தூரதேசி

வந்துட்டாருய்யா. யாரைப் பற்றிப் பேசினாலும் "ஏன் இன்னொருத்தரைப் பற்றிப் பேசவில்லை" என்று.

#9 மூணாம்பக்கம்

தம்பி, கேலி பண்ணுங்கள், பரவாயில்லை. நான் கேட்டதற்குப் பதில் மட்டும் இல்லை.

#10 கூழாங்கல்

சண்டை வேண்டாம். மூணாம்பக்கம் சொன்னதில் முக்கால்வாசியை நானும் ஒத்துக்கொள்கிறேன். மீதிக் கால்வாசிக்குத்தான் இந்தப் பதிவு.

நிறத்தை வைத்து மட்டும் கணக்குப் போட்டால் இடிக்கும். ஜாக்சன் நகரில் 'ஜாக்சன் அட்வகேட்' நடத்திய பெர்சி கிரீன் கறுப்பினத்தவர். நிறப்பிரிவினையைக் காப்பாற்றவே 1956-இல் மாநில அரசு உண்டாக்கிய இறையாண்மை ஆணையத்திடம் அவர் பணம் வாங்கியது பின்னாளில் ஆவணங்களில் வெளியே வந்தது. அதே ஆணையம்தான் வெள்ளைக்காரியான ஹேசலை வேவு பார்க்க ஆள் வைத்தது.

ஏன் வேவு? 1961-இல் கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய மெட்கர் எவர்ஸும் நண்பர்களும் 'மிசிசிப்பி ஃப்ரீ பிரஸ்' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். அதை லெக்சிங்டனில் தன் அச்சகத்தில் அடித்துக் கொடுத்தவர் ஹேசல். 1954-இல் தனித்தனியாக இருப்பதே நல்லது என்று எழுதிய அதே அம்மாள்.

அச்சுக்கோர்ப்பவன் ஐயா, அந்த ஜாப் ஒர்க்கைப் பற்றி நீங்கள்தான் சொல்ல வேண்டும். காசுக்காகவா, கொள்கைக்காகவா?

#11 அச்சுக்கோர்ப்பவன்

ரெண்டும்தான். அச்சகம் சும்மா கிடந்தால் துரு. வெள்ளைக்காரர் யாரும் வேலை தரவில்லை, கறுப்பினத்தவர் தந்தார்கள், அடித்தார். ஆனால் ஒன்று. அந்த வேலையை எடுத்தால் மிச்சமிருக்கிற ரெண்டு மூன்று விளம்பரமும் போகும் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. காசு கணக்கு மட்டும் பார்ப்பவர் எடுக்கிற வேலை இல்லை அது.

#12 வேப்பம்பூ

பக்கத்து யாசூ சிட்டியில் நடந்தது ஒன்றைப் படித்தேன். 1955-இல் பள்ளிகளில் பிரிவினையை நீக்கக் கோரி 53 கறுப்பினத்தவர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். குடிமக்கள் மன்றம் அந்தப் பெயர்களை எல்லாம் ஊர்ப் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரமாகப் போட்டது. அவ்வளவுதான், வேலை போயிற்று, கடையில் சாமான் கிடைக்கவில்லை. ஏறக்குறைய எல்லோரும் பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு பக்கம் ஹேசலுக்கு விளம்பரம் கொடுக்காமல் அடித்தார்கள். இன்னொரு பக்கம் விளம்பரம் கொடுத்தே 53 குடும்பங்களை அடித்தார்கள். அந்தப் பக்கத்தை அச்சுக் கோர்த்தவரும் யாரோ ஒரு தொழிலாளிதானே என்று நேற்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

#13 மூணாம்பக்கம்

சரி, 'ஃப்ரீ பிரஸ்' விஷயம் எனக்குத் தெரியாது. அது கனமான விஷயம்தான். அந்த அளவுக்கு இறங்கி வருகிறேன்.

ஆனால் இதையும் கேளுங்கள். ஹோம்ஸ் கவுண்டியில் கறுப்பினத்தவர்தான் பெரும்பான்மை. ஓட்டு மட்டும் கிடையாது. மைல்ஸ்டன் என்ற பகுதியில் 1930-களின் அரசுத் திட்டத்தில் நிலம் வாங்கிய கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள். சொந்த நிலம் இருந்ததால் முதலாளி துரத்த முடியாது. 1963 ஏப்ரலில் அவர்களில் பதினான்கு பேர் லெக்சிங்டன் நீதிமன்றத்துக்கு வாக்காளராகப் பதியப் போனார்கள். முதலில் யார் என்று காவல்காரர் உறுமியபோது முன்னே வந்தவர் ஹார்ட்மன் டர்ன்போ. மே மாதம் அவர் வீட்டில் தீக்குண்டு வீசினார்கள். அவர் துப்பாக்கியை எடுத்துத் திருப்பிச் சுட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். மறுநாள் அவரையே கைது செய்தார்கள், தன் வீட்டுக்குத் தானே தீ வைத்துக்கொண்டாராம்!

கதாநாயகர் இவர். சுவரில் இவர் படம் எங்கே?

#14 கூழாங்கல்

அவர் பத்திரிகையாளர் இல்லையே, வேப்பம்பூவின் சுவரில் இடம் கிடைக்காது :)

அந்தக் கைதைக் கண்டித்து, அதே ஊரில், அதே வாரங்களில், அச்சில் எழுதிய வெள்ளைக்காரர் யார்? ஹேசல். குண்டு வீசியதையும், குண்டு பட்டவரையே பிடித்துப் போட்டதையும் சேர்த்துச் சாடினார். மாநிலத் தலைநகரின் பெரிய நாளிதழ்கள் இரண்டும் அப்போது பிரிவினையின் ஊதுகுழல்கள். டர்ன்போவின் துணிச்சலுக்கு ஹேசல் காரணமில்லை, ஒரு துளியும் இல்லை. ஆனால் அவர் பட்டது ஊரில் எல்லோரும் படிக்கிற எழுத்தாகப் பதிவானதற்கு ஹேசல் காரணம்.

"இரவு தூங்க முடிந்தது" என்றீர்களே. 1960-இல் ஹாலோவீன் இரவில் (அக்டோபர் 31) அவர் வீட்டுப் புல்வெளியில் சிலுவையைக் கொளுத்தினார்கள், அது க்ளான் கும்பலின் மிரட்டல் அடையாளம். பள்ளிப் பையன்கள். ஹேசல் வெளியே ஓடி வந்ததும் பையன்கள் காரை விட்டுவிட்டு ஓட, காரின் நம்பர் பிளேட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டார். 1964-இல் புலிட்சர் வந்தது. சில மாதம்தான், ஆகஸ்டில் ஜாக்சனில் அவர் நடத்திய 'நார்த்சைட் ரிப்போர்ட்டர்' அலுவலகத்தில் வெடிகுண்டு.

#15 தூரதேசி

நம்பர் பிளேட்டைக் கழற்றியது அருமை. பத்திரிகைக்காரப் புத்தி!

மூணாம்பக்கம் அண்ணே, முன்னால் கேலி பண்ணியதற்கு மன்னித்துவிடுங்கள். நீங்கள் சொன்ன டெய்சி பேட்ஸ் பற்றி இன்று மதியம் சாப்பாட்டைக்கூட மறந்து படித்துக்கொண்டிருந்தேன்.

பரிசுக்கு அப்புறம் என்ன ஆனது? நல்லபடியாகத்தானே முடிந்திருக்கும்?

#16 அச்சுக்கோர்ப்பவன்

இல்லை தம்பி.

புலிட்சர் பரிசை வைத்து நியூஸ்பிரிண்ட் பாக்கியைக் கட்ட முடியாது. வெளியூர் ஆசிரியர்கள் சேர்ந்து நிதி திரட்டினார்கள், கறுப்பின மக்களும் கூடிப் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். கடனைக் கரைக்க அது போதவில்லை. ஊர் கொஞ்சம் மாறியது, ஆனால் போன விளம்பரம் முழுசாகத் திரும்பவே இல்லை. ஒரு தடவை எதிர்க்கடைக்குப் பழகிய வாடிக்கை அப்படித்தான்.

1967-இல் அதே ஹோம்ஸ் கவுண்டியிலிருந்து ராபர்ட் கிளார்க் மாநில சட்டசபைக்குப் போனார். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலம் முடிந்த பிறகு மிசிசிப்பி சட்டசபைக்குள் போன முதல் கறுப்பினத்தவர். அதாவது, யாருக்காக எழுதினாரோ அவர்களுக்குச் சொந்தக் குரல் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் வெள்ளையர் பத்திரிகை ஹெரால்ட் என்று ஆகிவிட்டது. கறுப்பினத்தவருக்கும் இனி இந்த அம்மாள் எழுதித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. புதிய தலைவர்களோடு அவருக்கு உரசலும் வந்தது.

1980-களின் தொடக்கத்தில் ஸ்மிட்டி இறந்துபோனார். 1985-இல் பத்திரிகை நின்றது. திவால். மூணாம்பக்கம் சொன்ன அந்தத் தூண் வைத்த வீடும் கையைவிட்டுப் போனது. பிறந்த ஊர்ப்பக்கம், தங்கையிடம் போய்ச் சேர்ந்தார். நினைவு மங்கிக்கொண்டே வந்தது. 1994 மே மாதம் டென்னசியில் ஒரு முதியோர் மருத்துவ இல்லத்தில் இறந்தார். 80 வயது.

#17 மூணாம்பக்கம்

வீட்டைப் பற்றி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். மற்றதை இல்லை.

#18 வேப்பம்பூ

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி பழைய அட்டையைக் கிழித்துவிட்டேன்.

"நிறப்பிரிவினையை எதிர்த்த" என்று எழுதினால் 1954 மே மாதத்து ஹேசலைப் பற்றிப் பொய் சொன்னதாகும். எழுதாவிட்டால் 'ஃப்ரீ பிரஸ்' அடித்துக் கொடுத்த ஹேசலுக்குத் துரோகம். தன்னைப் போராளி என்று அவரே சொல்லிக்கொண்டதில்லை, எதிரே வந்ததை நேர்மையாக எழுதினேன் என்றுதான் சொல்லிவந்தார். அதனால் பட்டம் எதுவும் வேண்டாம் என்று முடிவு பண்ணி இப்படி எழுதியிருக்கிறேன்:

"ஹேசல் பிரானன் ஸ்மித் (1914–1994). மிசிசிப்பியின் ஹோம்ஸ் கவுண்டியில் 49 ஆண்டுகள் வாரப் பத்திரிகை நடத்தினார். ஒரு கறுப்பின இளைஞரைச் சுட்ட ஷெரீஃபைப் பதவி விலகச் சொல்லி எழுதினார். ஊர் விளம்பரத்தை நிறுத்தியது."

ஒரு வரி மூன்று வரியாகிவிட்டது. வாசகசாலைச் செயலாளர் திட்டுவார், பார்த்துக்கொள்கிறேன். அடுத்த மாதம் டெய்சி பேட்ஸ். மூணாம்பக்கம் அண்ணா, அதற்கு நீங்கள்தான் எழுதித் தர வேண்டும்.

#19 அச்சுக்கோர்ப்பவன்

49 சரியாக இருக்கிறதா என்று விரல் விட்டு எண்ணினேன். 1936-இலிருந்து 1985. சரிதான்.

"ஊர்" என்பதற்குப் பதில் "ஊர்ப் பெரியவர்கள்" என்று போடுங்கள் அம்மா. ஊரில் பெரும்பான்மை அவர்கள் இல்லை.

#20 வேப்பம்பூ

திருத்திவிட்டேன் ஐயா. ஒட்டியாயிற்று.